பலாமரத்துக்குப் பின்னால் இருந்த ஜன்னல்

திருப்பதியிலிருந்து புத்தூர் போகும் சாலையில் உள்ள ஒரு நர்சரியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். பங்காருபாளையத்துக்குப் போய் மா ஒட்டுக்கன்று ஏற்றி வருவேன். சித்தூர், புத்தூர், நகரி என்று செடி வாங்கியவர்களின் வீட்டில் இறக்கி, குழி எடுத்து நட்டுக் கொடுத்துவிட்டு வருவேன். இதுதான் வேலை. போட்டோ எடுப்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

செடி வாங்க வருகிறவர்களுக்கு முன்னால் இருப்பது கறுப்புப் பாலிதீன் பையில் ஒரு குச்சியும் நாலு இலையும்தான். வளர்ந்தால் எப்படி இருக்கும், காய் எப்படி இருக்கும், காட்டு என்பார்கள். நர்சரி முதலாளியம்மாவை நாங்கள் மேடம் என்போம். அவர் தன் போனில் எங்கிருந்தோ வந்த படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சித்தூரிலிருந்து வந்த ஒருவர், அதே படத்தைத் தன் போனில் தேடி எடுத்து முழுதாகக் காட்டினார். அதில் மரத்தடியில் நின்றவர்கள் தலையில் கூம்புத் தொப்பி வைத்திருந்தார்கள்.

“மேடம், இவங்க எந்த மண்டலம்?” என்று கேட்டார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

“இனிமே நம்ம செடி, நம்ம ஜனம். எங்க நட்டியோ அங்கயே போயி நீயே போட்டோ எடு. கேட்டு எடு. கீழ அவங்க பேரு, ஊரு ரெண்டும் போடணும். பேரு லேகபோதே போட்டோ வத்து.”

பேர் இல்லாவிட்டால் படமே வேண்டாம் என்கிறார். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. எங்களோடு பேசும்போது தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்.

ஒரு வீட்டு வாசலில் நின்று “உங்க தோட்டத்த போட்டோ எடுத்துக்கட்டா?” என்று கேட்பது எனக்குக் கடப்பாரை போடுவதைவிடக் கஷ்டம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாவது வரை பள்ளிக்கூடம் போனேன். அந்த ஐந்து வகுப்பிலும் வாத்தியார் கேட்டு நான் வாய் திறந்தது குறைவு. அதனால் நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். ஹாரன் அடிக்காமல் வண்டியை நிறுத்தி, கேட்டுக்கு வெளியே நின்று குடிக்கத் தண்ணீர் கேட்பேன். தண்ணீர் தராத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, நட்ட செடி எப்படி இருக்கிறது என்பேன். அந்த ஒரு கேள்வி போதும். அவர்களே உள்ளே கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது போனை வெளியே எடுத்துக் கேட்பேன். நாலைந்து வீடு பார்க்க வேண்டிய நாளில் தண்ணீரிலேயே வயிறு நிறைந்துவிடும்.

பேர் கேட்பது அதைவிடச் சிக்கல். யார் பேரைப் போடுவது என்று வீட்டுக்குள்ளேயே பஞ்சாயத்து நடக்கும். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தன் பேருக்குப் பின்னால் டிப்போ பேரும் வர வேண்டும் என்றார். சித்தூரில் ஒரு வீட்டில் மாமனார் பேரா, மாமியார் பேரா என்று பேச்சு முற்றி, கடைசியில் குலதெய்வத்தின் பேரைப் போடச் சொன்னார்கள். கொய்யாவுக்குக் கீழே அம்மன் பேர் வந்தது. படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கன்று வாங்கிப் போனவர்கள் உண்டு. பெண்களிடம் பேர் கேட்டால் அவர்கள் புருஷனைப் பார்ப்பார்கள். புருஷன் தன் பேரைச் சொல்வார்.

எடுக்கும் விதத்துக்கும் நிபந்தனைகள் வரும். பூசணிக்கொடியைப் பிஞ்சு தெரியாமல் எடு என்பார்கள். எலுமிச்சையில் பாதி மரத்தை மட்டும் எடு என்பார்கள். எடுத்து முடித்ததும் செடிக்கு உப்பு மிளகாய் சுற்றிப்போட்ட வீடுகளும் இருந்தன. எதற்கும் நான் மறுபேச்சு பேசியதில்லை. தோட்டம் அவர்களுடையது.

மேடத்துக்குப் பலாவில்தான் கண். வியட்நாம் பலா என்று ஒரு ஒட்டு ரகம் வைத்திருந்தோம். நட்ட இரண்டு மூன்று வருடத்தில், ஆள் உயரம் இருக்கும்போதே காய்த்துவிடும். நம் ஜனத்துக்குப் பலா என்றால் தாத்தா நட்டுப் பேரன் தின்பது. வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் நட்ட கன்றுகளில் எது காய்த்திருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னார். நகரியில் ஒரு வீட்டில் காய்த்திருந்தது.

அது தறிக்காரர் வீடு. வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் பவர்லூம் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் பகலெல்லாம் அதற்குள்தான். அவரிடம் எதைக் கேட்பதானாலும் கை ஜாடைதான். பேச்செல்லாம் அவர் மனைவி. என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவராக இருப்பார். என்னை அண்ணா என்பார்.

காம்பவுண்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில், தெருவைப் பார்த்தபடி நின்றது மரம். அடிமரத்தில், முழங்கால் உயரத்தில் கொத்தாகக் காய். அந்த அம்மா ஒரு கோணிச் சாக்கைச் சுற்றி மறைத்திருந்தார். நான் கேட்டதும் சாக்கை அவிழ்த்தார்.

“எடுத்துக்கோண்ணா. நீ நட்ட மரம், உன்ன வேணாம்னா சொல்லப்போறேன்? ஆனா ஒண்ணு. பொம்மையோட சேத்து எடு. மரத்த மட்டும் தனியா எடுக்காத.”

பொம்மை என்றது வீட்டுச் சுவர் மூலையில் தொங்கிய திருஷ்டி பொம்மையை. கறுத்த முகம், பிதுங்கிய கண், வெளியே தொங்கும் சிவப்பு நாக்கு. பார்க்கிறவன் கண் முதலில் அதில் விழுந்துவிட்டால் மரத்துக்குப் படாது. படத்திலும் பொம்மை இருந்தால், படம் பார்க்கிறவன் கண்ணும் அதில்தான் விழும். எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

மரமும் பொம்மையும் ஒரே படத்தில் வர, நான் கேட்டைத் தாண்டித் தெருவின் எதிர்ப்பக்கம் வரை போக வேண்டியிருந்தது. அங்கிருந்து “இப்ப வந்துடுச்சும்மா” என்று சொன்னதற்கு, அவர் உதட்டில் விரல் வைத்தார். கிட்டே வந்து சொன்னார்.

“மெதுவா பேசுண்ணா. பொண்ணு வந்துகீறா. மஞ்சகாமால. உள்ள படுத்துகினு கீறா.”

ஒரே பெண். கல்யாணமாகிச் சில வருடம் ஆகியிருந்தது. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் மருமகனுக்கு வேலை என்று செடி நட வந்தபோதே சொல்லியிருந்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். எடுத்த படத்தைக் காட்டினேன். பொம்மை தெரிகிறதா என்று மட்டும் பார்த்தார்.

“வூட்டுக்காரரு பேரு, தெரு பேரு, நகரி எல்லாம் போடு. அப்பதான் நம்புவாங்க” என்றார். ஒரு வார்த்தை அவரைக் கேட்டுவிடலாம் என்றேன். அந்த அம்மா கொட்டகை வாசலில் போய் நின்று, அவர் பேரை எழுதுவது மாதிரி காற்றில் கை அசைத்தார். உள்ளிருந்து அவரும் தலையாட்டினார்.

மேடத்துக்குப் படம் மிகவும் பிடித்துவிட்டது. போனிலேயே வைத்துக்கொள்ளாமல் ரோட்டோரம் பெரிய ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்றார். போனில் காட்டுவது வேறு, ரோட்டில் வைப்பது வேறு. அதனால் நகரிக்குப் போன் போட்டு அதையும் கேட்டேன். “வெய்யிண்ணா. எங்க வூட்டு மரம் திருப்பதியில போயி நிக்கட்டும்” என்றார் அந்த அம்மா. பெருமையாகத்தான் சொன்னார். படம் கொஞ்சம் இருட்டு என்று ஃபிளெக்ஸ் கடைக்காரர் வெளிச்சம் கூட்டி அடித்துக் கொடுத்தார்.

ஏணி வைத்து ஏறிக் கட்டியவன் நான்தான். அவ்வளவு கிட்டத்தில் பார்க்கும்போது படம் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். கட்டி முடித்து, நேராக இருக்கிறதா என்று பார்க்க ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனேன். நேராகத்தான் இருந்தது. மரம் நன்றாக வந்திருந்தது. பொம்மையும் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில், இலைகளுக்குப் பின்னால் ஒரு ஜன்னல்.

போனில் அது கறுப்பாக ஒரு சின்னக் கட்டம். இங்கே ஆள் அளவுக்கு இருந்தது. வெளிச்சம் கூட்டியதில் உள்ளே இருந்ததெல்லாம் தெரிந்தது. கம்பிக்குப் பின்னால் ஒரு பெண் நைட்டியில், கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நின்றாள். ஒரு கை ஜன்னல் கம்பியில். இன்னொரு கை வயிற்றின் மேல். நான் படம் எடுப்பதை அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கும் இரண்டு பிள்ளைகள். அந்தக் கை அந்த இடத்தில் எப்போது இருக்கும் என்று தெரியும்.

அவளுக்குக் கீழே, தெலுங்கிலும் தமிழிலும், அவள் அப்பா பேர், தெரு பேர், நகரி. நகரியிலிருந்து திருப்பதிக்கு வருகிற பஸ்ஸெல்லாம் அந்த போர்டைத் தாண்டித்தான் வர வேண்டும்.

மேடத்திடம் சொன்னேன். கணக்குப் பார்த்துக்கொண்டே, “யாரய்யா கவனிப்பாங்க? மரத்தப் பாப்பாங்க, போவாங்க” என்றார். நான் நகராமல் நின்றதைப் பார்த்து, எழுந்து என்னோடு ரோட்டைத் தாண்டி வந்தார். பார்த்தார்.

“ஐதோ ஆறோ மாசம்” என்றார் உடனே. “அவங்கம்மா உங்கிட்ட சொன்னாங்களா?”

“மஞ்சகாமாலன்னாங்க மேடம்.”

மேடம் சிரித்துவிட்டார். சிரிப்பு முடிந்ததும் இன்னொரு தடவை நிமிர்ந்து பார்த்தார். “இவ்ளோ மாசம் மறைக்கிறாங்கன்னா, முன்ன ஒண்ணு தங்காம போயிருக்கும்யா” என்றார்.

பிறகு அவரே யோசனை சொன்னார். பேர் இருக்கிற பட்டையை மட்டும் வெட்டிவிடலாம். பேர் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இல்லையென்றால் ஜன்னல்மேல் ‘இங்கே கிடைக்கும்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம். எதைச் செய்தாலும் அந்த வீட்டைக் கேட்காமல் செய்வதுதான் என்று எனக்குத் தோன்றியது. “அவங்களக் கேட்டுட்டு செய்யலாம் மேடம்” என்றேன். நான் அவரை மறுத்துப் பேசியது அதுவரை இல்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். “சரே” என்றார்.

அதுவரைக்கும் கன்றுகளுக்கு நிழல் கட்டுகிற பச்சை வலையை எடுத்துப்போய், இரண்டு மடிப்பாக போர்டின் மேல் போட்டுக் கட்டினேன். எதிர் டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “ஏம் மேடம், தொறக்க யாரு வராங்க? மந்திரியா, எம்எல்ஏவா?” என்று கேட்டார்.

“பலாக்கா” என்றார் மேடம்.

நகரிக்குப் போன் போடலாமா என்று பார்த்தேன். அந்த வீட்டில் ஒரே போன், அதை எடுப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர். இந்த விஷயத்தைத் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல முடியாது. காலையில் முதல் வேலையாக வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

“இன்னாண்ணா, போர்டு வெச்சாச்சா? எப்டி கீது?”

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஃபிளெக்ஸைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். ஜன்னல் இருக்கும் இடத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி அவரிடம் நீட்டினேன். பார்த்தார். பார்த்துவிட்டு உடனே திரும்பி வீட்டு ஜன்னலைப் பார்த்தார். அது திறந்துதான் இருந்தது.

“பொம்மைய சேத்து எடுன்னேன். பொண்ணயுமாண்ணா சேத்து எடுக்கச் சொன்னேன்?”

“தெரியலம்மா. போன்ல கறுப்பாதான் இருந்துச்சு.”

“ரோட்ல வெச்சிட்டியா?”

“வெச்சேன். பாத்த ஒடனே வலை போட்டு மூடிட்டேன்.”

“எவ்ளோ நேரம் தொறந்து இருந்துச்சு?”

“ஒரு டீ குடிக்கிற நேரம் இருக்கும்.”

“ஒரு டீக்குள்ள ரெண்டு பஸ்ஸு போயிடும். எங்க நாத்தனா ஆஸ்பத்திரிக்கு அந்த வழியாதான் போவா. ஜன்னலோர சீட்டு இல்லன்னா பஸ்ஸே ஏற மாட்டா.” கறிவேப்பிலையைத் தட்டோடு தள்ளி வைத்தார். “அவ பாத்திருந்தா இன்னேரம் சேதி புத்தூரு வரைக்கும் போயிருக்கும்.”

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கவில்லை. முதல் தடவை நாள் தள்ளியதுமே தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார்கள். இரண்டாவது தடவை சொந்தக்காரர்களுக்கு மட்டும் சொன்னார்கள். இந்தத் தடவை மருமகன் வீட்டைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏழாம் மாதம் வளையல் அடுக்கும்வரை மூடி வைத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்.

“டாக்டரம்மா வேற காரணம் சொல்வாங்க. சொல்லட்டும். நான் ரெண்டு தடவ பாத்துட்டேன்ணா” என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தரையில் கிடந்த கறிவேப்பிலைக் காம்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இன்னாம்மா, யாரு போட்டோல?”

பெண் கதவருகில் வந்து நின்றிருந்தாள். அம்மா கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

“மாமா” என்றாள். அவள் அம்மா என்னை அண்ணா என்பதால் நான் அவளுக்கு மாமா. “மரத்துக்குக் கேட்டீங்க. போர்டு வெக்கறதுக்குக் கேட்டீங்க. அந்தப் பொம்மைக்குக் கூட எங்கம்மா பேசிச்சு. என்ன யாரு கேட்டீங்க?”

“நீ நிக்கறது தெரியலம்மா.”

“அவரு தெரியாம எடுத்தாரு” என்றார் அம்மா. “நீ எதுக்குடி ஜன்னல்ல வந்து நின்ன?”

“வேற எங்க நிக்கறது? வாசப்படி தாண்ட வுட்டியா நீ? என்னக் கேட்டா மஞ்சகாமால வெச்ச எனக்கு? இந்தத் தெருவுல மொளைக்கற கீழாநெல்லி பூரா நம்ம வூட்லதான் கீது.” என் பக்கம் திரும்பினாள். “அக்கம்பக்கத்துல மோர்ல அரச்சுக் கொண்டாராங்க மாமா. கொண்டாந்து, நான் குடிக்கற வரைக்கும் நிக்கறாங்க. அவங்க திரும்பினா, இந்த மரத்துக்கு ஊத்திடுவேன். இந்தப் பலாவுக்கு ஜென்மத்துக்கும் காமால வராது.”

நான் சிரித்துவிட்டேன். அம்மா முறைத்தார்.

“நல்லது நெனச்சு குடுக்கறாங்க. அதுக்கு இன்னா இப்ப?”

“நேத்து பக்கத்து வூட்டு அத்த கீழாநெல்லியோட இன்னா கொண்டாந்தாங்க?”

“புளிச்சோறு.”

“மஞ்சகாமாலக்காரிக்கு யாராவது நல்லெண்ண ஊத்தி, புளி காய்ச்சி, வேர்க்கடல போட்டு சோறு குடுப்பாங்களா?”

மஞ்சள் காமாலை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டியே அடுப்பில் ஏறாது. தாளிக்கிற வாசனைகூட ஆகாது என்று கதவைச் சாத்துவார்கள். இது ஊருக்குத் தெரிந்த பத்தியம்.

“முந்தாநாளு எதிர் வூட்ல இருந்து மாங்கா ஊறுகா. ஆவக்காய், மேல ஒரு வெரல் எண்ண நின்னுகினு இருந்துச்சு. எல்லாருக்கும் தெரியும்மா. நீயா வாயத் தொறக்கற வரைக்கும் தெரியாத மாதிரி கீறாங்க. அவ்ளோதான்.”

“எல்லாருக்குமா?”

“நூலு கொண்டார ஆளுக்குக்கூடத் தெரியும்.”

அம்மா படியில் உட்கார்ந்தார். தறி ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அங்கே அந்த அத்தை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரே புடவையை இரண்டாவது தடவை உதறினார்.

எனக்கு வந்த வேலை முடியவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று, அம்மாவை விட்டுப் பெண்ணிடம் கேட்டேன். “அப்ப போர்டு இருக்கட்டுமாம்மா, எறக்கிடட்டா?”

“எறக்கிடுங்க மாமா. தெருவுக்குத் தெரியறது வேற. ரோட்டுக்குத் தெரியறது வேற.” கொஞ்சம் யோசித்தாள். “எறக்கி எங்க போடுவீங்க?”

நல்ல கேள்வி. எங்கள் பக்கத்தில் ஃபிளெக்ஸ் வீணாகப் போவதில்லை. இளநீர் வண்டிக்குக் கூரையாகும், செங்கல் அடுக்குக்கு மழைக்காகிதமாகும், மாட்டுக்கொட்டகைக்குத் தடுப்பாகும். பிச்சாட்டூர் பக்கம் எங்கள் ஊரில் வைக்கோல் போர் ஒவ்வொன்றின் மேலும் யாராவது ஒரு தலைவர் கும்பிட்டபடி மல்லாந்து கிடப்பார். இதை விட்டுவைத்தால் இந்தப் பெண் எந்த ஊர் வைக்கோல் போரில் போய் நிற்பாளோ.

“இங்கயே கொண்டாந்துடறேன்” என்றேன்.

அன்றைக்கு மத்தியானமே மேடத்திடம் சொல்லி அவிழ்த்து, சுருட்டி, வண்டியில் போட்டுக்கொண்டு நகரிக்குத் திரும்பினேன். புறப்படும்போது, “அந்தப் பிள்ளைக்கு” என்று ஒரு மாதுளங்கன்றை மேடம் வண்டியில் வைத்தார்.

கூடத்தில் விரித்தோம். முழுதும் விரிக்க இடம் போதவில்லை. மரம் இருக்கும் பக்கம் சுருட்டியபடியே கிடந்தது. ஜன்னல் மட்டும் கூடத்தின் நடுவில் வந்தது. பெண் அதன் கால்மாட்டில் நின்று குனிந்து பார்த்தாள்.

“இவ்ளோ பெருசாவா தெரியுது? இதுக்குப்போயி மஞ்சகாமாலன்னு சொல்லிக்கினு இருந்தியே.”

அவளை யாரும் அந்த மாதங்களில் ஒரு படம்கூட எடுக்கவில்லையாம். புருஷன் எடுக்கப் பார்த்தபோதும் அம்மா போனைப் பிடுங்கி வைத்துவிட்டாராம். அம்மா முதலில் தள்ளியே நின்றார். பிறகு கிட்டே வந்தார். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, படத்தின் முகத்தைப் பார்த்தார்.

“நல்லாத்தாண்டி கீற. ரத்தம் வெச்சுகீது” என்றார்.

எழுந்து உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்து வந்தார். பெண்ணை நிறுத்திச் சுற்றினார். பிறகு குனிந்து படத்தைச் சுற்றினார்.

“படத்துக்குமா?” என்றாள் பெண்.

“சும்மா இரு. அண்ணா, நீயும் வந்து நில்லு. மொதல்ல பாத்த கண்ணு உன்னுதுதான்.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் போய் நின்றேன். என்னையும் சுற்றினார். பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தறிச் சத்தம் நின்றது. வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கூடத்தில் கிடந்ததைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“எம் பேர நல்லா பெருசா போட்டுகீறாங்க” என்றார்.

அந்த ஃபிளெக்ஸைப் படம் உள்பக்கமாக வரும்படி மடித்துப் பரணில் போட்டார்கள். சில நாள் கழித்து வேறு படம் எடுத்தேன். பெண்ணே ஜன்னலைச் சாத்தினாள். இந்தத் தடவை பேர் வேண்டாம், ஊர் மட்டும் போதும் என்றார் அம்மா. மேடத்தின் சட்டம் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே சொன்னேன். “நகரியில் ஒரு வீட்டு மரம்” என்று போட வைத்தார் மேடம். யார் வீடு என்று கேட்கிறவர்களுக்கு, அவர்கள் சொல்ல வேண்டாம் என்றார்கள் என்று பதில் சொல்கிறோம். அப்படிச் சொன்னால் இன்னும் நம்புகிறார்கள்.

இப்போது வீட்டுக்காரர் சரி என்ற பிறகும் நான் உடனே எடுப்பதில்லை. “போட்டோ எடுக்கறேங்க, உள்ள யாராவது இருந்தா சொல்லுங்க” என்று வீட்டைப் பார்த்துச் சத்தமாகக் குரல் கொடுக்கிறேன். தெலுங்கு வீடானால் தெலுங்கில். என்னைப் போன்றவனுக்கு அது சுலபமான காரியமில்லை. சித்தூரில் ஒரு வீட்டில் முருங்கைக்குப் பின்னால் இருந்த குளியல் தட்டிக்குள்ளிருந்து “உண்டு, உண்டு, எடுத்துடாதே!” என்று ஒரு ஆண் குரல் அலறியது. உண்டு என்றால் தெலுங்கில் இரு என்று அர்த்தம். கேட்டது நல்லதாகப் போயிற்று.

பலாக்காய் பழுக்கும் பருவம் முடிந்து சில மாதம் கழித்து, நகரியிலிருந்து போன் வந்தது. தறிச் சத்தம் இல்லை. அந்த அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். “ரெண்டு உசுரும் நல்லா கீதுண்ணா” என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. நானும் அதிகம் பேசுகிறவன் இல்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தோம்.

இதை எழுதிய பிறகு அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். குழந்தை அவள் மடியில் இருந்தது. கேட்டு முடித்துவிட்டு, “போடுங்க மாமா. யாரு பேரும் வேணாம்” என்றாள். பக்கத்து வீட்டு அத்தையிடம் அவளே போய்க் கேட்டு வந்தாள். அம்மாவிடம் தனியாகக் கேட்டேன்.

“எழுதிக்கோ. ஆம்பளயா பொம்பளயான்னு மட்டும் போடாதண்ணா. இன்னும் ஒரு வருசம் முடியல.”

அதனால் போடவில்லை.